ஓமேர் சார் மிளகாய்க் குழம்பு

தாயாரம்மாள் வீட்டு அடுப்பங்கரைப் பலகையில் ஐந்து தேசத்து மிளகாய் இருக்கிறது என்று சொன்னால் வல்லம் வடகாலில் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். பாதித் தெரு அதைத் தின்று பார்த்தாயிற்று, மீதித் தெரு அதற்குத் தும்மியாயிற்று. இதை வைத்து அவளை உலகம் சுற்றிய பெண்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் போன தூரமெல்லாம் வடக்கே திருப்பதி, தெற்கே மேல்மருவத்தூர். அவள் மிளகாயைத் தேடிப் போகவில்லை. மிளகாய்தான் விமானம் ஏறி அவளைத் தேடி வந்தது.

வந்த கதை பெரிய கதை ஒன்றுமில்லை. அவள் புருஷன் ரத்தினத்தின் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது, ரத்தினம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஆனான். தாயாரம்மாள் ஒரகடம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அறை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் புது மெஷின் வந்தால், அதைப் பூட்டிக் கொடுக்க ஓர் ஆளும் கூடவே வருவான். கொரியாக்காரன், இத்தாலிக்காரன், துருக்கிக்காரன் என்று யாராவது ஒருவன் மூன்று மாதம், நான்கு மாதம் தங்குவான். கேன்டீன் சாம்பார் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். பிறகு அறையில் இருக்கிற குட்டி அடுப்பில், தன் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்ததை வைத்து எதையாவது கிண்டித் தின்பான். வேலை முடிந்து கிளம்பும்போது பெட்டியில் பட்டுப்புடவையும் சந்தன சோப்பும் ஏறிவிடும். பாதி காலியான பாட்டில்கள் அலமாரியிலேயே நின்றுவிடும்.

"ரூம் காலியாகணும். எடுத்துக்கிறவங்க எடுத்துக்குங்க, இல்லன்னா தொட்டியில கொட்டுங்க" என்பது மேனேஜர் சிவசங்கரின் நிரந்தர உத்தரவு. கூட வேலை செய்கிற பெண்கள் காபித் தூளுக்கும் பிஸ்கட்டுக்கும் பாய்வார்கள். தாயாரம்மாள் நேராக மிளகாய்க்குப் போவாள். மிளகாயைக் குப்பையில் கொட்டினால் வீட்டில் சண்டை ஓயாது என்பது அவள் கட்சி. அப்படி யார் சொன்னார்கள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. உண்மையில் அவளுக்கு மிளகாய் என்றால் ஒரு கிறுக்கு. கிறுக்குக்குக் காரணம் கேட்டால் யார்தான் சொல்ல முடியும்?

எல்லாமே தூளும் இல்லாமல் முழுசும் இல்லாமல், திப்பி திப்பியாக உடைத்த மிளகாய். பாட்டில் மேல் இருக்கிற எழுத்து ஒன்றும் அவளுக்குப் புரியாது. எனவே ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, மகள் நிலாவை விட்டு, விட்டுப்போன ஆளின் பேரை எழுதி ஒட்டச் சொல்வாள். "கிம் சார்", "சாட்டோ சார்", "மார்கோ சார்", "ராவுல் சார்", "ஓமேர் சார்". முதல்முதலாக வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்தால் ஏதோ கம்பெனி மீட்டிங்குக்குள் நுழைந்துவிட்டோம் என்று நினைப்பார்கள்.

சும்மா அடுக்கி வைத்து அழகு பார்க்கிற ஆசாமி இல்லை அவள். ஒவ்வொன்றையும் நம் சட்டியில் இறக்கிப் பார்ப்பாள். கொரியாவிலிருந்து வந்த கிம் சார் மிளகாய் பார்க்கக் குங்குமம் மாதிரி இருக்கும். வாயில் போட்டால் லேசாகத் தித்திக்கும். அதை முதல்முறை நம் வழக்கப்படி காய்ந்த எண்ணெயில் போட்டாள். கண் மூடித் திறப்பதற்குள் கரியாகிவிட்டது. இரண்டாம் முறை அடுப்பை அணைத்து, சூடு தணிந்த எண்ணெயில் போட்டு, தயிர்சாதத்தின் மேல் ஊற்றினாள். அன்றைக்கு ரத்தினம் மூன்று தரம் போட்டுக்கொண்டான். இத்தாலிக்கார மார்கோ சார் மிளகாய் அளவில் சிறிசு, குணத்தில் ராட்சசன், அது மசால்வடைக்கு. ராவுல் சார் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்தது புகை போட்டுக் காயவைத்தது. கத்திரிக்காய் கொத்சுவில் அதை ஒரு சிட்டிகை போட்டால் போதும், கத்திரிக்காயைத் தணலில் சுட்டுப் பிசைந்த வாசம் வந்துவிடும்.

"இன்னாம்மே, அடி பிடிச்சிடுச்சா?" என்று கேட்டான் ரத்தினம், முதல் நாள்.

"அடியும் பிடிக்கல, ஒண்ணும் பிடிக்கல. மெக்சிகோக்காரன் மொளகா அப்டித்தான். துண்ணு."

சாட்டோ சாருடைய ஜப்பான் மிளகாயில் எள், ஆரஞ்சுத் தோல், கடல்பாசி என்று ஏழு சாமான் கலந்திருந்தது. அதை அவள் ரசத்தில் போட்டாள். அந்த ரசத்தைப் பற்றி அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பேசுவதில்லை.

துருக்கிக்கார ஓமேர் சார் விட்டுப்போனதுதான் விசித்திரம். கிட்டத்தட்டக் கறுப்பு, ஊதா ஓடிய கறுப்பு. தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமுமாக இருந்தது. எங்கேயோ நனைந்து கெட்டுப்போன மிளகாய் என்று முடிவுகட்டி, நம் ஊர்ப் பெண்கள் யாராக இருந்தாலும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள்: முறத்தில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் போட்டாள். பங்குனி வெயில் தார் ரோட்டையே உருக்கியது, அந்த மிளகாயைக் காயவைக்க முடியவில்லை. உலர்ந்த திராட்சை மாதிரி பளபளவென்று கிடந்தது. ஓமேர் சார் அதை முட்டைமேல் தூவித் தின்றதை அவள் பார்த்திருந்தாள். சரி என்று அவளும் உப்பிட்ட அவித்த முட்டைமேல் ஒரு சிட்டிகை தூவினாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் ஒரு புளிப்பு, ஓர் இனிப்பு, எல்லாம் போன பிறகு மெதுவாக ஒரு காரம். அன்றிலிருந்து ஐந்து பாட்டிலில் அதுதான் அவளுக்குச் செல்லம்.

இப்படி மிளகாயும் தானுமாகச் சந்தோஷமாக இருந்தவளுக்குப் போன வருஷம் ஒரு சோதனை வந்தது. நிலா கார் பாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். அதே லைனில் அருள்பாண்டி என்று ஒரு பையன். தெற்கே விளாத்திகுளத்துக்காரன், இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவன். இருவருக்கும் இரண்டு வருஷப் பிரியம். விஷயம் தெரிந்ததும் ரத்தினம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, கொத்சுவை வழித்துத் தின்று, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்ததும் இறங்கிவந்துவிட்டான். அதிலிருந்து வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைச் சோறு பையனுக்கு அங்கேதான். சாதியைச் சொல்லி இரண்டு பக்கச் சொந்தக்காரர்களும் முணுமுணுத்தார்கள். அதை எழுதிக் காகிதத்தை வீணாக்குவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள், பையனின் அம்மா பாண்டிச்செல்வி. புருஷன் போன பிறகு மிளகாய்க் காட்டில் கூலிக்குப் பழம் பறித்து, அப்புறம் வற்றல் வாங்கி விற்று, மகனை ஆளாக்கியவள். "வடக்கத்திப் பொண்ணு வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் நின்றாள். மகன் கெஞ்சிக் கூத்தாடி, "வந்து ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்பதுவரை கொண்டுவந்திருந்தான். அடுத்த ஞாயிறன்று அவள் தன் அண்ணன் மாசானத்தோடு வருவதாக ஏற்பாடு.

இந்த விஷயத்தில் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் ஒரே வழக்கம்தான். சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடியும்வரை கை நனைக்க மாட்டார்கள். காபி குடிக்கலாம், பஜ்ஜி கடிக்கலாம். இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்து, "போய்த் தகவல் சொல்லுதோம்" என்றால் தகவல் வராது. ஆக, அந்த அம்மாள் இலையில் உட்காருவாளா மாட்டாளா என்பதில் நிலாவின் கல்யாணம் நின்றது.

"எங்கம்மா வத்தல மோந்து பாத்தே எந்தக் காட்டு வத்தல்னு சொல்லிரும் அத்தை. வத்தல் சரியில்லன்னா அந்தக் கொழம்பையே தொடாது" என்று அருள்பாண்டி வேறு பயமுறுத்திவிட்டுப் போனான்.

தாயாரம்மாள் இரண்டு நாள் யோசித்தாள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகலாமா? மிளகாய்க் காட்டுக்காரிக்கு மிளகாய்க் குழம்பா?

"நம்ம மொளகாயப் போட்டா அந்தம்மா குத்தம் கண்டுபிடிச்சிடும். தெரிஞ்ச மொளகாய்க்குத்தான் குத்தம் சொல்ல முடியும். தெரியாத மொளகாய்க்கு இன்னான்னு சொல்லும்?" என்றாள் ரத்தினத்திடம்.

"ஏம்மே, வர்றது சம்பந்தியா, இன்ஸ்பெக்ஷனா? பேசாம ஒரு சாம்பார வெச்சு வுட்ரு."

"இன்ஸ்பெக்ஷன்தான்யா. உனுக்குத் தெர்ல" என்று ஓமேர் சார் பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அருள்பாண்டி அம்மாவையும் மாமாவையும் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டதாக நிலாவுக்கு மெசேஜ் வந்தது. தாயாரம்மாள் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்புக்கு அடுப்பு மூட்டினாள். கத்திரிக்காய்க்கு வேண்டிய உப்பை வழக்கம்போலப் போட்டாயிற்று. எண்ணெய் காய்ந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாயாரம்மாளுக்கு மிளகாய் அளக்க ஸ்பூன் கிடையாது, நெடிதான் அளவு. எண்ணெயில் மிளகாய் விழுந்து, தொண்டை கமறி, ஒரு தும்மல் வந்தால் போதுமானது விழுந்துவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு மட்டுமா, அந்தத் தெருவில் அத்தனை பெண்களுக்கும் அதுதான் தராசு. ஓமேர் சார் மிளகாயை இதுவரை முட்டைமேல் தூவியிருக்கிறாளே தவிர, எண்ணெயில் போட்டதில்லை. ஒரு கை அள்ளிப் போட்டாள். திராட்சையை நெய்யில் வறுத்த மாதிரி வாசம் வந்தது, நெடி வரவில்லை. இன்னொரு கை போட்டாள். வாசம் தூக்கியது, தும்மல் வரவில்லை. மூக்கைச் சட்டிக்குள் விடாத குறையாகக் குனிந்து பார்த்தாள். மூன்றாவது கை. நான்காவது கை. வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பதற்றத்தில் பாட்டிலையே கவிழ்த்தாள். அடியில் இரண்டு விரற்கடைதான் மிஞ்சியது. புளியைக் கரைத்து ஊற்றி மூடிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

பாண்டிச்செல்வி நெடுநெடுவென்று உயரம். கழுத்தில் ஒன்றும் இல்லை, முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"காப்பித்தண்ணி மட்டும் போதுங்க. சோறு கீறெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

நிலா காபி கொடுத்தாள். பாண்டிச்செல்வி அவளிடம் வேலை எப்படி என்று கேட்டாள், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டாள், நல்லது தாயி என்றாள். எல்லாம் மரியாதையாக. அந்த மரியாதைதான் தாயாரம்மாளுக்குச் சரியாகப் படவில்லை. சத்தம் போடுகிற சம்பந்தியைச் சமாளித்துவிடலாம். இப்படி மரியாதையாகப் பேசுகிற சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகவே ஊருக்குப் போய்விடுவாள். மாசானம் மட்டும் ரயிலில் சீட் கிடைக்காத கதையை ரத்தினத்திடம் முதல் ஸ்டேஷனிலிருந்து தொடங்கியிருந்தார்.

அடுப்பங்கரைக்குப் போன நிலா கதவோரம் நின்று அம்மாவைச் சாடை காட்டி அழைத்தாள்.

"அம்மா, கொழம்பு வாயில வெக்க முடியல. உப்பு கரிக்குது."

"ஒரு தபாதானேடி போட்டேன்!"

கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தாள். மாமல்லபுரத்துக் கடலில் கத்திரிக்காயை வேகவைத்த மாதிரி இருந்தது. உப்பு எங்கிருந்து வந்தது? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அந்த அம்மாள் சாப்பிடாமல் போனால் சம்பந்தம் போயிற்று. சாப்பிட்டால் மானம் போயிற்று, அப்புறம் சம்பந்தமும் போயிற்று. பெற்ற பெண் எதிரில் நின்று நகத்தைக் கடிக்கிறாள். இத்தனை வருஷம் சமைத்த கை இன்றைக்கா காலை வாரும் என்று தன் கையையே திட்டிக்கொண்டாள்.

குழம்பு போனால் போகிறது, உருளைக்கிழங்கையாவது ஜோராக வறுத்து வைப்போம் என்று அவசரமாக நாலு கிழங்கை நறுக்கினாள். எண்ணெய் புகைகிற அளவுக்குக் காய்ந்துவிட்டது. கை போன போக்கில் ஒரு பாட்டிலைத் திறந்து கொட்டினாள். அது மார்கோ சார்.

காலையிலிருந்து வராத நெடி அப்போது வந்தது. வட்டியும் முதலுமாக வந்தது. ரத்தினம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். மாசானம் தன் கதையில் ரயில் மதுரையைத் தாண்டுவதற்குள் ஆறு தும்மல் தும்மினார். அருள்பாண்டி தெருவுக்கே ஓடிவிட்டான். பாண்டிச்செல்வி மட்டும் ஒரே ஒரு தும்மல் தும்மி, முந்தானையால் மூக்கைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அந்த முகத்தில் ஏதோ ஓடியது.

"இது சம்பா இல்ல. முண்டும் இல்ல. குண்டூருமில்ல" என்றாள், தெரிந்த வற்றல் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளி. "எந்தக் காட்டு வத்தல் இது?"

யார் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. எழுந்து நேராக அடுப்பங்கரைக்குள் நடந்தாள். தாயாரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். பாண்டிச்செல்வியின் கண் பலகைக்குப் போயிற்று.

"கிம் சார், சாட்டோ சார்... யாரு இவுகெல்லாம்?"

"சாருங்க இல்லீங்க. மொளகாய்ங்க" என்றாள் தாயாரம்மாள் ஈனஸ்வரத்தில். பிறகு வேறு வழியில்லாமல், கெஸ்ட் ஹவுஸ் கதையைச் சொன்னாள்.

பாண்டிச்செல்வி கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் தேய்த்து, மோந்து, நாக்கு நுனியில் வைத்தாள். நகைக்கடையில் மோதிரம் உரசிப் பார்க்கிறவரின் நிதானம் அது. கிம் சாரைப் பார்த்து, "இம்புட்டுச் செவப்பா இருந்துக்கிட்டு உறைக்க மாட்டேங்குதே, வேசக்காரப் பய" என்றாள். ராவுல் சாரை மோந்துவிட்டு, "இத எதுக்குப் பொகையில போட்டான்?" என்று கேட்டாள். சாட்டோ சாரிடம் சற்று நேரம் நின்றாள்.

"இதுல ஏன் மிட்டாய் வாசம் வருது?"

"அத்த வுட்ருங்க, அது நம்ம ஒடம்புக்கு ஆவாது" என்றாள் தாயாரம்மாள் அவசரமாக.

கடைசியில் ஓமேர் சார். பாட்டிலின் அடியில் கிடந்ததை விரலால் எடுத்ததும் பாண்டிச்செல்வியின் கை நின்றது.

"ஆத்தாடி! பழத்தப் பறிச்சு நாங்க ரெண்டு நாளு குமிச்சு மூடி வப்போம், நெறம் ஏறட்டும்னு. இவன் பகலெல்லாம் காயப்போட்டு, ராவெல்லாம் மூடி வேர்க்க விட்டிருக்கான். அதான் இந்தக் கறுப்பு." நாக்கில் வைத்தாள். "உப்புப் போட்டுப் பெசறி, எண்ணெயும் தடவியிருக்கான். கைதேர்ந்த ஆளு."

"உப்பா?" என்றாள் தாயாரம்மாள்.

"ஆமா. நல்லாவே உப்பு."

தாயாரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நெடியே வரலன்னு நான் கொட்டிக்கினே இருந்தேங்க. பாட்டில் பூரா கொழம்புல கீது. உங்களுக்காகத்தான் வெச்சேன். இப்ப அத்த மாடு கூட மோக்காது" என்று உள்ளதை உள்ளபடி உடைத்துவிட்டாள். மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாண்டிச்செல்வி அவளைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள், பாட்டிலின் அடியில் மிஞ்சியதைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்த நெடிய உடம்பு முழுவதும் குலுங்குகிற சிரிப்பு.

"நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். தும்மல் வராம எப்பிடிங்க கைய நிப்பாட்டுறது?" சேலையை இடுப்பில் செருகினாள். "எந்திரிங்க மதினி. அந்தக் கெழங்க இங்கிட்டுத் தள்ளுங்க."

மதினி! உறவு கொண்டாடுகிற அந்தச் சொல் தாயாரம்மாள் காதில் விழுந்தது. ஆனால் விழுந்ததாகக் காட்டிக்கொண்டால் எங்கே அந்தச் சொல் திரும்பிப் போய்விடுமோ என்று பேசாமல் கிழங்கைத் தள்ளினாள்.

அப்புறம் அந்தச் சின்ன அடுப்பங்கரையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். பாதிக் குழம்பை வேறு சட்டிக்கு மாற்றினார்கள். மிச்சத்தில் உருளைக்கிழங்கு போய் விழுந்தது. நிலா ஒரு மூடி தேங்காய் துருவி அரைத்தாள். புளித்தண்ணீர் இன்னும் கொஞ்சம், வெல்லம் ஒரு துண்டு. கொதி வந்ததும் பாண்டிச்செல்வி ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் ஊற்றினாள்.

"ஏ செல்வி!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் மாசானம். மூக்கு இன்னும் சிவந்திருந்தது, ஆனால் கண் கதவிலேயே இருந்தது. "பேச்சு இன்னும் முடியல. கை நனைச்சிராத!"

"உப்புப் பாக்குறது சாப்பாட்டுல சேராதுண்ணே" என்று சொல்லிவிட்டு நக்கிப் பார்த்தாள். முகம் கோணியது. "தேங்கா பத்தாது."

கிண்டிக்கொண்டே, சட்டியைப் பார்த்தபடி, அவள் பேச ஆரம்பித்தாள்.

"பதினெட்டு வயசுல இங்க வந்தான் எம் பய. தெனமும் போன்ல என்னடா சாப்ட்டன்னு கேப்பேன். சாப்ட்டேம்மாம்பான். என்னத்தச் சாப்ட்டான்னு சொல்ல மாட்டான். போன வருசந்தான் வாயத் தெறந்தான். கத்திரிக்கா கொத்சும்பான், தயிர்ச்சோத்துல செவப்பா எண்ணெயிம்பான். யார் வீட்லடான்னேன். அப்பத்தான் பொண்ணு விசயத்தச் சொன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்." கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "கோவமில்ல மதினி. பொறாம. எம் புள்ளைக்கு வயிறு நெறையச் சோறு போட இன்னொருத்தி வந்துட்டாளேன்னு."

சங்கடம் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவது தாயாரம்மாளின் பழக்கம்.

"உங்க புள்ள எங்க வூட்ல ஒவ்வொரு தபாவும் துண்ணுட்டு இன்னா சொல்லும் தெரியுமா? 'நல்லாருக்கு அத்தை, ஆனா எங்கம்மா வச்சா இன்னும் நல்லாருக்கும்'னு சொல்லும். நான் வேர்த்து வழிஞ்சு செஞ்சு போட்ருப்பேன். எனக்கு எப்டி இருந்திருக்கும்?"

"நெசமாவா சொன்னான்?"

"தட்ட வழிச்சிக்கினே சொல்லும்."

பாண்டிச்செல்வியின் முகம் மலர்ந்த மலர்ச்சியை வாசலில் நின்ற நிலா பார்த்தாள். பிற்பாடு அவள் அதை அருள்பாண்டியிடம் பல தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"பொல்லாத பய" என்றாள் பாண்டிச்செல்வி. இன்னொரு கரண்டி ஊற்றிப் பார்த்தாள். "இப்பப் பரவாயில்ல." சற்றுப் பொறுத்து இன்னொன்று. "பின்னால ஒரு காரம் வருது பாருங்க, பையப் பைய, கள்ளன் மாதிரி. நல்ல வத்தல்தான் மதினி." அப்புறம், வெறும் குழம்பாக உப்புப் பார்த்தால் சரியாகத் தெரியாது என்று சொல்லி, ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி சோறு வாங்கிப் பிசைந்து பார்த்தாள். கத்திரிக்காய் வெந்துவிட்டதா என்று பார்க்க இன்னொரு பிடி. கிழங்கில் உப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க மூன்றாவது.

மாசானம் அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து அடுப்பங்கரை வாசலுக்கே வந்துவிட்டார். அவர் பின்னால் ரத்தினம், ரத்தினத்துக்குப் பின்னால் தெருவிலிருந்து திரும்பிய அருள்பாண்டி.

"என்ன செல்வி இது? உப்புப் பாத்தே அரைப்படிச் சோறு உள்ள போயிருச்சு போலிருக்கே!"

பாண்டிச்செல்வி தன் கையைப் பார்த்தாள். கையில் ஒரு கவளம் இருந்தது, வாயில் ஒன்று இருந்தது. நிலா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயாரம்மாள் பெருமாளே பெருமாளே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வி வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள். கையிலிருந்ததையும் போட்டுக்கொண்டாள்.

"எல போடுங்க மதினி" என்றாள். "நின்னுக்கிட்டே எம்புட்டுத்தான் திங்கிறது?"

"அப்ப பேச்சு?" என்றார் மாசானம்.

"பேச என்ன இருக்கு? நாள்தான பாக்கணும். அதச் சாப்ட்டுட்டுப் பாப்போம். நீயும் வந்து ஒக்காரு."

ரத்தினம் என்ன செய்வதென்று தெரியாமல் மாசானத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கினான். அருள்பாண்டி இலை வாங்கப் பறந்தான். இலை வீட்டிலேயே இருக்கிறது என்று அவன் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் கத்தினார்கள். தாயாரம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பானையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள். வாழ்க்கையில் அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டது நிலா பிறந்த அன்றைக்குத்தான்.

முதல் இலை பாண்டிச்செல்விக்கு. நிலாதான் பரிமாறினாள். சோற்றை வைத்தாள், நடுவில் குழி பறித்தாள், குழம்புக் கரண்டியைச் சாய்த்தாள். கொஞ்சம் இலையோரமாக ஓடிற்று. போதுமோ என்னவோ என்று கரண்டியை நிமிர்த்தினாள்.

பாண்டிச்செல்வி அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நான் போதும்னு சொல்லலையே தாயி. ஊத்து."